‘சர்வர் டவுன்’ என்று எழுந்து போகாதீர்கள்!

காரைக்கால் பாரதியார் சாலையை ஒட்டி ஒரு பிரவுசிங் சென்டர். மேல்படிப்பு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், சாயங்காலம் நாலரை மணி. நெடுங்காட்டிலிருந்து வந்த ஓர் அம்மாவும் மகளும் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் மடியில் துணிப்பை. அதற்குள் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, குடியிருப்புச் சான்று, ரேஷன் கார்டு, நாலு போட்டோ.

கடைக்காரத் தம்பி முகவரியைத் தட்டினார். பக்கம் வரவில்லை. வெள்ளைத் திரையில் ஒரு சிவப்பு முக்கோணம், ‘இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் நாலு வரி. மறுபடி தட்டினார். அதே முக்கோணம்.

“சர்வர் டவுன் அக்கா. கடைசி நாள்ல எல்லாரும் போடுறாங்கல்ல. நைட்டு வந்து பாருங்க.”

“நைட்டு எங்க ஊருக்கு பஸ் இல்லையே தம்பி. நாளைக்கு நேரா பாண்டிக்கே போய்க் குடுத்தா வாங்கிக்குவாங்களா?”

பக்கத்து நாற்காலியில் பிரின்ட்டுக்காகக் காத்திருந்த நான் எட்டிப் பார்த்தேன். திரையின் வலது கீழ் மூலையில் தேதி 2012 ஜனவரி 1 என்றிருந்தது. “தம்பி, தேதியைச் சரிபண்ணிட்டு ஒரு தடவை போடுங்களேன்” என்றேன். சரிசெய்தார். பக்கம் திறந்தது. சர்வர் காலையிலிருந்தே நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் நம் பிரவுசரிடம் ஓர் அடையாளச் சான்றிதழை நீட்டும். அதில் ‘இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும்’ என்று எழுதியிருக்கும். பிரவுசர் அதை நம் கணினியின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். கணினி இன்னும் 2012-இல் இருந்தால், இன்றைய சான்றிதழ் ‘இன்னும் பிறக்காத’ சான்றிதழ் ஆகிவிடும். கதவு சாத்தப்படும். தேதி பின்னால் போனதற்குக் காரணம், மதர்போர்டில் பொட்டு அளவில் உட்கார்ந்திருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரி. மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். இரவில் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகிற கடைகளில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். வாட்ச் கடையில் கிடைக்கிற பேட்டரி. மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

இது இனி இன்னும் முக்கியமாகப் போகிறது. 2020 செப்டம்பர் முதல் இந்தச் சான்றிதழ்களின் ஆயுள் அதிகபட்சம் 398 நாள்தான் என்று உலகப் பிரவுசர் நிறுவனங்கள் வரையறுத்தன. 2029-க்குள் அதை 47 நாளாகக் குறைப்பது என்றும் முடிவாகிவிட்டது. அப்போது இரண்டு மாதம் பின்தங்கிய கடிகாரமே ஒரு மாணவியின் விண்ணப்பத்தைத் தடுத்துவிடும்.

பாண்டி பஸ்ஸும் பிரவுசரும்

பிரவுசர் கோளாறு எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் காரைக்காலில் அதன் விலை அதிகம். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் புதுச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம் என்று நான்கு துண்டு. நாம் தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கும் கடலுக்கும் நடுவில் சுமார் 160 சதுர கிலோமீட்டரில் இருக்கிறோம். 2011 கணக்கெடுப்பில் இரண்டு லட்சம் பேர். தலைமைச் செயலகம் இருப்பதோ சுமார் 130 கிலோமீட்டர் வடக்கே. தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டைக் கடந்துதான் நம் தலைநகருக்குப் போக வேண்டும். ஒரு கையெழுத்துக்கு ஒரு முழுநாள், ஒரு நாள் கூலி.

அந்தப் பயணத்தைப் பெரிதும் மிச்சம் பிடித்தது இணையம். சென்டாக் கலந்தாய்வு விண்ணப்பம், வருவாய்த் துறைச் சான்றிதழ்கள், ‘நிலமகள்’ தளத்தில் நில ஆவணம், மின்கட்டணம் என்று பலவும் இப்போது பிரவுசர் வழியே நடக்கின்றன. ஆகவே இங்கே பிரவுசர் திறக்கவில்லை என்றால், ஓர் அலுவலகத்தின் கதவே திறக்கவில்லை என்று பொருள். அதை மறுபடி திறக்கத் தெரிவது பொறியாளர்களின் வேலை மட்டும் அல்ல. சைக்கிள் செயினை மாட்டத் தெரிவதுபோல வீட்டுக்கு ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டியது.

கோளாறு எந்த முனையில்?

பக்கம் வராததற்கு மூன்று இடங்களில் காரணம் இருக்கலாம்: நம் கருவி, நடுவில் உள்ள லைன், அந்தப் பக்கத்து சர்வர். எது என்று தெரியாமல் அடிக்கடி ரீஃப்ரெஷ் தட்டுவதில் பயனில்லை.

முதல் சோதனை: நன்றாகத் தெரிந்த வேறு ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். கணினியின் தேதி சரியாக இருந்தும் அதுவும் வரவில்லையென்றால் பெரும்பாலும் லைன்தான். வந்தால் இரண்டாம் சோதனை: போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறங்கள். போனில் வருகிறது, கணினியில் வரவில்லை என்றால் கோளாறு நம் கணினியிலோ அதன் லைனிலோ இருக்கிறது. இரண்டிலும் வரவில்லையென்றால் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

திரையில் வரும் மூன்று இலக்க எண்ணும் துப்புக் கொடுக்கும். 4-இல் தொடங்கினால் நாம் கேட்ட விதத்தில் ஏதோ குறை என்று சர்வர் சொல்கிறது. 404 என்றால் அந்த முகவரியில் அந்தப் பக்கம் இல்லை. எழுத்துப் பிழையாக இருக்கலாம், பக்கத்தை இடம் மாற்றியிருக்கலாம். பழைய புக்மார்க்கை விட்டுவிட்டு முகப்புப் பக்கத்திலிருந்து வாருங்கள். 403 என்றால் உள்ளே வர அனுமதி இல்லை. 5-இல் தொடங்கினால் சிக்கல் அவர்கள் வீட்டில். 500 உள்ளே ஏதோ உடைந்தது. 502, 504 இரண்டும் சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்வதில் தடங்கல். 503 கூட்டம் தாங்கவில்லை அல்லது பராமரிப்பு வேலை நடக்கிறது.

503-ஐப் புரிந்துகொள்ள நமக்குத் திருநள்ளாறு போதும். 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சி அன்று நளன் குளத்துப் படியில் இருந்த கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குளம் அதேதான், படியும் அதேதான். ஒரே நேரத்தில் அத்தனை பேர் இறங்க முடியாது, அவ்வளவுதான். பெயர்ச்சிக்கு மறுவாரம் போகிறவர் நிம்மதியாகக் குளித்துவிட்டு வருகிறார். கடைசி நாள் மாலையில் 503 வந்தால், இரவு பதினொன்றுக்கோ விடியற்காலையிலோ முயலுங்கள். அதற்கு முன் அந்தத் திரையைத் தேதி, நேரம் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். ‘நான் முயன்றேன்’ என்று நாளை மனுக் கொடுக்க அது சான்றாகும்.

பழைய படம், புதிய மழை

பிரவுசர் ஒருமுறை இறக்கிய படங்களையும் நிரல்களையும் தன்னிடமே தேக்கிவைத்துக்கொள்ளும். இதற்குக் கேஷ் என்று பெயர். அடுத்த முறை பக்கம் விரைவாக வர அது உதவும். ஆனால் சில நேரம் புதிதாக ஒன்று வந்த பிறகும் பழையதையே எடுத்துப் போட்டுவிடும்.

காரைக்காலில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் டாப்ளர் ரேடார் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சம்பா நட்டவரும், கிளிஞ்சல்மேட்டிலும் காரைக்கால்மேட்டிலும் விசைப்படகு வைத்திருப்பவரும் அதன் படத்தைப் போனில் பார்க்கிறார்கள். ஒரு கார்த்திகை இரவில் நானும் பார்த்தேன். கடல்மேல் மேகமே இல்லை. நிம்மதியாகப் படுத்தேன். ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்தது, மாடியில் காயப்போட்டிருந்த நெல் நனைந்தது. காலையில் அதே பக்கத்தைத் திறந்தபோதும் மேகமில்லாத அதே படம். என் போன் முந்தின நாள் படத்தையே காட்டிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் இருந்த நேரத்தை நான் படிக்கவே இல்லை.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். ரேடார் படத்தில் முதலில் நேரத்தைப் பார்ப்பேன். அது உலகப் பொது நேரமாக இருந்தால் ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். சந்தேகம் வந்தால் புதிதாக இறக்குவேன். கணினியில் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு எஃப்5 தட்டினால், கேஷை ஒதுக்கிவிட்டுப் பக்கம் முழுதும் புதிதாக வரும். போனில் அதற்கு எளிய வழி, இன்காக்னிட்டோ பக்கத்தில் திறப்பது.

பட்டன் வேலை செய்யவில்லை, பக்கம் கலைந்து கிடக்கிறது, நேற்று மாற்றிய விவரம் இன்றும் பழையபடியே தெரிகிறது என்பதற்கெல்லாம் முதல் மருந்து இதே கன்ட்ரோல், எஃப்5. கேஷை முழுதாகத் துடைக்க கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பட்டியலில் தேங்கிய படங்கள், கோப்புகளுக்கு மட்டும் டிக் இருக்கட்டும். கடவுச்சொற்களுக்கான டிக்கை எடுத்துவிடுங்கள். அவசரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பாஸ்வேர்டு எது என்று தேடுகிறவர்கள் நிறையப் பேர்.

செருப்பு டோக்கனும் குக்கீயும்

லாகின் செய்கிறோம். உள்ளே போகாமல் மறுபடி லாகின் பக்கமே வருகிறது. கேப்சா சரியாகப் போட்டும் ‘தவறு’ என்கிறது. இது பெரும்பாலும் குக்கீ சிக்கல்.

கோயில் வாசலில் செருப்பை விட்டால் டோக்கன் தருவார்கள். திரும்பி வரும்போது டோக்கனைப் பார்த்துத்தான் நம் செருப்பை எடுத்துத் தருகிறார்கள். இணையதளமும் அப்படியே. ஒவ்வொரு சொடுக்குக்கும் நாம் யார் என்று அதற்கு மறந்துபோகும். அதனால் நம் பிரவுசரில் குக்கீ என்ற ஒரு சிறு டோக்கனை வைக்கிறது. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டுல்லி என்ற இளம் பொறியாளர் உண்டாக்கிய ஏற்பாடு இது. டோக்கன் காலாவதியானாலோ, குக்கீயே வேண்டாம் என்று அமைப்பில் தடுத்திருந்தாலோ தளம் நம்மை அடையாளம் காணாது.

கன்ட்ரோல், ஷிஃப்ட், என் அழுத்தினால் குரோமிலும் எட்ஜிலும் இன்காக்னிட்டோ எனப்படும் தனிப் பக்கம் திறக்கும். ஃபயர்பாக்ஸில் என்னுக்குப் பதில் பி. அங்கே பழைய டோக்கன் எதுவும் இருக்காது. அதில் லாகின் ஆனால், சாதாரணப் பக்கத்தில் அந்த ஒரு தளத்தின் குக்கீயை மட்டும் அழித்துவிடுங்கள்.

பிரவுசிங் சென்டரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரே பிரவுசரில் இரண்டு டேப் திறந்து, அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே நேரத்தில் ஒரே தளத்தில் விண்ணப்பம் போடுவார்கள். இரண்டு டேப்புக்கும் டோக்கன் ஒன்றுதான். ஒருவரின் விவரம் மற்றவர் விண்ணப்பத்தில் ஏறிவிடலாம். ஒன்றை முடித்து, லாக்அவுட் செய்த பிறகே அடுத்தது. எழுந்து வரும்போதும் லாக்அவுட் செய்யாமல் வராதீர்கள். உங்கள் டோக்கனோடு அடுத்தவர் உட்காருவார்.

பணம் போனது, ரசீது வரவில்லை

கட்டணம் கட்டும்போது வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் ரீஃப்ரெஷோ பின்னோக்கிய அம்புக்குறியோ தட்டாதீர்கள். இரண்டாம் முறை பணம் போகக் காரணம் பெரும்பாலும் அதுதான். பல தளங்களில் வங்கிப் பக்கமும் ரசீதும் தனி ஜன்னலாகத் திறக்கும். விளம்பரத் தொல்லையைத் தடுக்க வந்த பாப்-அப் தடுப்பான் அதையும் சேர்த்துத் தடுத்துவிடும். முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் ஒரு சின்ன ஜன்னல் குறி தெரியும். அதைத் தொட்டு இந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

கணக்கில் பணம் குறைந்து, தளத்தில் ‘செலுத்தவில்லை’ என்று வந்தாலும் பதற வேண்டாம். 2019 செப்டம்பர் 20-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, யுபிஐ வழியாக வணிகருக்கோ, கார்டு வழியாக இணையத்திலோ கட்டி உறுதியாகாத பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு வங்கியில் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

இறக்கிய சான்றிதழில் கையெழுத்து இருக்கும் இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி தெரிந்தால், அதைப் போலி என்று முடிவுகட்ட வேண்டாம். பிரவுசருக்கு அந்த மின்கையெழுத்தைச் சரிபார்க்கத் தெரியாது. அக்ரோபேட் ரீடரில் திறந்து, கையெழுத்தின் மேல் வலது சொடுக்குச் செய்து சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

உதவ வந்து கெடுப்பவை

காரைக்கால்காரர்களுக்கே உரிய ஒரு கோளாறு இருக்கிறது. ஆட்சியில் நாம் புதுச்சேரி. வண்டி எண் பிஒய் 02. ஆனால் அஞ்சல் துறைக்கு நாம் தமிழ்நாடு வட்டம். நம் பின்கோடு 609602, மயிலாடுதுறையின் பின்கோடு 609001. பின்கோடைத் தட்டியதும் மாநிலத்தைத் தானே நிரப்புகிற படிவங்கள் உண்டு. முன்பு எங்கோ கொடுத்த முகவரியை நினைவில் வைத்துத் தானே நிரப்புகிற வேலையைப் பிரவுசரும் செய்யும். இரண்டில் எதுவானாலும் மாநிலக் கட்டத்தில் ‘தமிழ்நாடு’ என்று சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும். படிப்பிலோ வேலையிலோ உள்ளூர் ஒதுக்கீடு கேட்கும் பிள்ளைக்கு அந்த ஒரு சொல் பெரிய இழப்பு. சமர்ப்பிக்கும் முன் மாநிலம், மாவட்டம் இரண்டையும் விரலை வைத்துப் படியுங்கள். பட்டியலில் புதுச்சேரி காணவில்லையென்றால், 2006-க்கு முந்தைய பாண்டிச்சேரி என்ற பெயரில் தேடுங்கள். தானாக நிரப்பும் வசதியை அமைப்பில் அணைத்துவிடுவது இன்னும் நல்லது.

இன்னொன்று மொழிபெயர்ப்பு. பிரெஞ்சுப் படையில் இருந்ததற்கு ஓய்வூதியம் வாங்கும் ‘சொல்தா’ வீடுகளில் வாழ்வுச் சான்றுக்காகப் பேரப்பிள்ளைகள் பிரெஞ்சுத் தளத்தைத் திறந்து கொடுக்கிறார்கள். குரோம் உடனே ‘மொழிபெயர்க்கவா?’ என்று கேட்கும். சரி என்றால் படிக்க எளிதாகும். ஆனால் பிரவுசர் பக்கத்தின் எழுத்தையே மாற்றி வைப்பதால் சில படிவங்களின் பட்டன்கள் செத்துப்போகும். ‘நோம்’ என்றால் குடும்பப் பெயர், ‘பிரேநோம்’ என்றால் அவரவர் பெயர். மொழிபெயர்ப்பில் இரண்டும் குழம்பும். ஒரு டேபில் மொழிபெயர்த்துப் படியுங்கள், இன்னொரு டேபில் மூலத்திலேயே நிரப்புங்கள்.

விளம்பரத் தடுப்பான் போன்ற சின்னச் சின்ன எக்ஸ்டென்ஷன்களும் இப்படித்தான். ஒரு தளம் மட்டும் அடம்பிடித்தால், அவற்றை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள்.

கட்டம் கட்டமாய்த் தமிழ்

தமிழ்ப் பக்கம் கட்டங்களாகவோ விநோதக் குறிகளாகவோ தெரிந்த காலத்தை நாம் பெரும்பாலும் கடந்துவிட்டோம். 1990-களில் ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஓர் எழுத்துருவை இறக்க வேண்டியிருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் குறியீடுகளைத் தரப்படுத்தியது. பிறகு யூனிகோடு வந்து நிலைத்தது. 2010-இல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்றது. ஆனாலும் பாமினியிலோ வானவில்லிலோ தட்டிய கடிதத்தை இணையப் படிவத்தில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வரும். பிரவுசரில் குறையில்லை. அந்த உரையை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்ட வேண்டும்.

கோளாறு போல் வரும் மோசடி

‘உங்கள் போனில் 13 வைரஸ்’ என்று மூலையில் அறிவிப்பு வந்துகொண்டே இருந்தால் அது வைரஸ் அல்ல. எப்போதோ ஒரு தளம் ‘அறிவிப்பு அனுப்பலாமா?’ என்று கேட்டபோது ‘அலோ’ தட்டியிருப்பீர்கள். பிரவுசர் அமைப்பில் அறிவிப்புகள் பகுதிக்குப் போய், தெரியாத தளங்களை நீக்குங்கள். அது சொல்லும் செயலி எதையும் நிறுவாதீர்கள்.

சான்றிதழ், பூஜை, பாஸ்போர்ட் எதுவானாலும் தேடலில் முதலில் வருவது அரசுத் தளம் என்று நம்பிவிடாதீர்கள். இந்திய அரசுத் தளங்களின் பெயர் பெரும்பாலும் ‘ஜிஓவி டாட் இன்’ அல்லது ‘என்ஐசி டாட் இன்’ என்று முடியும். முடிய வேண்டும் என்பதைக் கவனியுங்கள். நடுவில் வந்தால் போதாது. தேடலில் கிடைத்த ‘கஸ்டமர் கேர்’ எண்ணை அழைத்து, அவர்கள் சொல்கிற திரைப்பகிர்வுச் செயலியைப் போடவே கூடாது. பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

எழுந்து போகும் முன் ஏழு படி

1. தேதி, நேரம் சரியா?
2. வேறு தளம் திறக்கிறதா?
3. கன்ட்ரோல், எஃப்5.
4. இன்காக்னிட்டோவில் ஒருமுறை.
5. வேறு பிரவுசரில் ஒருமுறை.
6. போனில், மொபைல் டேட்டாவில் ஒருமுறை.
7. இன்னும் வரவில்லையா? எண்ணைக் குறித்து, திரையைப் படம் எடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள்.

எதிர்முனைக்கும் கடமை உண்டு

இத்தனையும் கற்றுக்கொள்ள வேண்டியது மக்கள் மட்டும் என்றால் அது நியாயமில்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-இல் ஓய்வுபெறச் செய்தது. ஃபிளாஷின் ஆயுள் 2020-ஓடு முடிந்தது. அவற்றை நம்பி எழுதிய பக்கங்களை இன்னும் வைத்திருப்பவர்கள் மாற்றித் தர வேண்டும். இந்திய அரசுத் தளங்களுக்கென்றே 2009-இல் வழிகாட்டு நெறிகள் வந்தன. மூன்றாம் பதிப்பு 2023-இல் வெளியானது. எந்தக் கருவியில் திறந்தாலும், யார் திறந்தாலும் தளம் பயன்பட வேண்டும் என்பதே அவற்றின் சாரம். அதோடு ஒன்று கேட்கிறேன். பிரவுசர் தருவதானாலும் தளம் தருவதானாலும் பிழைச்செய்தி தமிழில் வரட்டும். ‘உங்கள் கணினியின் தேதி தவறு’ என்றோ, ‘எங்கள் பக்கம் நெரிசல், பத்து மணிக்கு மேல் வாருங்கள்’ என்றோ ஒரு வரி போதும். கடைசி நாளில் சர்வர் படுத்துவிட்டால், கேட்காமலே அந்த நாளை நீட்டுங்கள். 130 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவருக்கு ‘நேரில் வாருங்கள்’ என்பது பதில் ஆகாது.

அந்தக் கடைக்காரத் தம்பி மறுநாளே பட்டன் பேட்டரியை மாற்றிவிட்டார். நான் சொன்ன ஏழு படியையும் தன் கையால் எழுதி மானிட்டருக்கு மேலே ஒட்டியிருக்கிறார். சில வாரம் கழித்து வேறொரு வேலையாக நான் போனபோது வாசலிலேயே நிறுத்தினார். “சார், இன்னைக்கு நிஜமாவே சர்வர் டவுன். 503. போன்லயும் பாத்துட்டேன், ரெண்டு பிரவுசர்லயும் பாத்துட்டேன். போட்டோ எடுத்து வச்சிருக்கேன். ராத்திரி பதினோரு மணிக்கு நானே போட்டுட்டு உங்களுக்கு மெசேஜ் பண்றேன்.”

நான் வீட்டுக்குப் போய்விட்டேன். பதினொன்று இருபதுக்கு மெசேஜ் வந்தது.